தலேந்தாவின் கடலில் ஒரு சுருள்

ஜுமானாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் அவளுடைய கண்காட்சி. பெய்ரூத்திலிருந்து எங்கள் கெர்கென்னா தீவின் ஓவியர் விடுதிக்கு வந்தவள், குளிர்காலம் முழுக்கத் தங்கி, மீனவர்கள் மீனை மறித்துப் பிடிக்கக் கடலில் பேரீச்ச மட்டை நட்டு வேலி கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானும் ஆழமில்லாத நீரில் மட்டைகளை நட்டாள், சங்கின் வயிறு மாதிரி ஒரு பெரிய சுருளாக. இது எடுபடாவிட்டால் இனி எந்த ஊரும் தன்னைக் கூப்பிடாது என்று அவளுக்குப் பயம்.

சுருள் அழகாகத்தான் இருந்தது. ஊரே வந்து தலையாட்டிவிட்டுப் போனது. ஆனால் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவளை அரித்தது. பக்கத்து வீட்டுத் தலேந்தா அனுப்பும் கூஸ்கூஸ் என்கிற கோதுமை ரவைச் சாப்பாடும் மாறிப்போயிருந்தது. முன்பு மேலே புது மடவை மீன் இருக்கும். இப்போது உலர்ந்த பேய்க்கணவாய்தான்.

அன்று மத்தியானம் படகோட்டி ஹெடியைப் பிடித்து உலுக்கிக் கேட்டுவிட்டாள். அவன் வானத்தைப் பார்த்தான், கயிற்றைச் சுருட்டினான், வேறு வழியில்லாமல் வாய் திறந்தான்.

"அது தலேந்தா அக்கா கடல். உங்க சுருள் அவங்க வேலியை மறைச்சு நிக்குது. மீன் அந்தப் பக்கம் போகவே மாட்டேங்குது."

"கடல் யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டா சொல்லியிருப்போம்."

இங்கே கரையோரக் கடலுக்கும் வீட்டுமனைபோலச் சொந்தக்காரர் உண்டு. பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. விருந்தாளியிடம் குறை சொல்லக் கூடாது என்பதும் அதே பிள்ளைக்குத் தெரியும். ஆகவே தலேந்தா மீன் விழாத வேலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே தவிர, மூச்சுவிட மாட்டாள். இப்படி வாயை மூடி நல்ல பேர் வாங்கி நாங்கள் என்ன கண்டோமோ, எனக்கு விளங்கியதேயில்லை.

ஜுமானாவுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. தலேந்தாவின் கதவுவரை போனாள். தட்டத் தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டாள். விடிந்ததும் இடுப்பளவு நீரில் இறங்கி மட்டைகளைப் பிடுங்கத் தொடங்கினாள். கை கிழிந்தது. அழுதுகொண்டேதான் பிடுங்கினாள். சுருளின் நடுவில் ஏதோ காலில் இடித்தது. பாறை என்று விட்டுவிட்டாள்.

துனிஸிலிருந்து விருந்தினர்கள் வந்து இறங்கியபோது கடல் வெறுமனே கிடந்தது. கண்காட்சி எங்கே என்று விடுதி நிர்வாகி கரையிலிருந்து கத்தினார். ஜுமானா, தலேந்தா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் ஓடிவருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்து, சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட மனதில் எடுத்துவைத்துக்கொண்டாள்.

தலேந்தா அவளைத் தாண்டிப் போய், சுருளின் நடு இருந்த இடத்தில் குனிந்து, நீருக்குள்ளிருந்து ஒரு மீன்பறியை இழுத்தெடுத்தாள். பறி காலி.

"நேத்து சாயங்காலம்தான் வெச்சேன். உன் சுருளுக்குள்ள மடவை கூட்டம் கூட்டமா சுத்திட்டிருந்துச்சு. என் வேலியில கூட இவ்வளவு பாத்ததில்ல. உன் விருந்தாளிங்களுக்கு ஆக்கிப்போடலாம்னு இருந்தேன். அதுங்க பறிக்குள்ள போறதுக்குள்ள கலைச்சு விட்டுட்ட."

"உங்க மீனை மறிச்சுட்டேன்னு கேள்விப்பட்டேன்க்கா. அதான்..."

தலேந்தா தன் ஆயுளில் முதல்முறையாக ஒரு விருந்தாளியைத் திட்டினாள்.

"நட்டப்பவும் கேக்கல. பிடுங்குறப்பவும் கேக்கல. பக்கத்து வீட்லதானேடி இருக்கேன்?"