பழனியாத்தாளுக்குப் பதிலி

1992ஆம் ஆண்டு ஆனி மாதத்திலிருந்து பழனியாத்தாள் தூங்காமல் விட்ட தூக்கம் அவர் வீட்டிலேயே தங்கத் தொடங்கியது; அடுத்த ஆனிக்குள் வாசற்படியைத் தாண்டி வீதிக்கு வந்துவிட்டது. வீடு பீளமேட்டில், ஒரு நூல் மில்லுக்குப் பின்னாலிருந்த ஓட்டு வீட்டு வரிசையில் ஐந்தாவது. வீதி மேற்கே சரிவு என்பதால் தூக்கமும் மேற்கே போனது. முதலில் எதிர்வீட்டுக் கோழிகள் பகலிலேயே கண்மூடின. பிறகு, தயிர்க்கூடையை இறக்கிவைத்த பெண் மதியம்தான் எழுந்தாள். சைக்கிளில் வருகிறவர்கள் நாலாவது வீட்டருகே இறங்கி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு ஏழாவது வீடு வரை தள்ளிப்போய், மறுபடி ஏறினார்கள்.

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பழனியாத்தாளின் தம்பி மருதாசலம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியின் உச்சியிலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் நசுங்கி, கழுத்துக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுத்தார். கட்டிலில் ஒரே பக்கமாகக் கிடக்கிற உடம்பில் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கும். நசுங்கிய இடத்துக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத சதை முதலில் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு குழியாகும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, மல்லாக்க, வலது என்று மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு தடவை. நடுவில் மூத்திரப் பையைக் காலி செய்து, துணி அலசி, கஞ்சி ஊட்டி, முழங்கால்களுக்கு இடையே தலையணை நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கணவனை இழந்து, பிள்ளையும் இல்லாத பழனியாத்தாள் அத்தனையையும் தனியாகச் செய்தார். நேரம் கிடைத்து அவர் படுத்தாலும் ஒரு காது தம்பியின் பக்கம் திறந்தே இருக்கும். வந்த தூக்கம் அந்தக் காது வழியாக வெளியேறிவிடும். வெளியேறிய தூக்கம் கரைவதில்லை. மில்லின் பஞ்சுத் தூசு போல மூலைகளில் படியும், கனம் கூடியதும் பள்ளம் பார்த்து நகரும்.

தூக்கத்தால் முதலில் பயனடைந்தவர்கள் புல்நைட் ஷிப்டுக்காரர்கள். காலையில் மில்லை விட்டு வந்து, கொதிக்கும் ஓட்டுக்குக் கீழே, பிள்ளைகளின் சத்தத்துக்கும் குழாயடிச் சண்டைக்கும் நடுவில் அவர்களால் தூங்க முடிவதில்லை. ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பழனியாத்தாள் வீட்டு முன்னாலிருந்த வேப்பமரத்தடியில் படுத்தார். 1994 தை மாதத்தில் அங்கே பத்தொன்பது பேர் படுத்தார்கள். எல்லாரும் மரத்தின் மகிமை என்றார்கள். அதற்கு மஞ்சள் துணி கட்டி வெள்ளிக்கிழமைகளில் தேங்காய் உடைத்தார்கள். சிதறிய தேங்காயைப் பழனியாத்தாள் கூட்டி அள்ளினார். உதவித்தொகை மனுவை விசாரிக்க ஓர் அலுவலர் வந்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, “சும்மா ஊட்டுலதானுங்க இருக்கேன்” என்றார் பழனியாத்தாள். அலுவலர் அதை அப்படியே எழுதினார். மனுவில் மருதாசலத்தைப் பற்றிய பக்கத்தைப் புரட்டுவதற்குள் தூங்கிப்போனார். எழுந்தபோது அலுவலக நேரம் முடிந்திருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் பழனியாத்தாள் கண்ணைத் திறந்துகொண்டே அடுப்படியில் ஐந்து மணி நேரம் நின்றார். பால் பொங்கி, தீய்ந்து, சட்டி கருகியது கூடத் தெரியவில்லை. இரண்டு முறை திருப்ப வேண்டிய நேரம் தவறியது. மருதாசலத்தின் இடுப்பில் எலுமிச்சை அளவுக்குப் புண் வந்தது. ஆர்.எஸ்.புரத்திலிருந்து வந்து பார்த்த டாக்டர், இன்னும் ஒருநாள் இப்படித் தவறினால் புண் எலும்பைத் தொடும், தொட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டு, கொட்டாவி விட்டபடி வேகமாகப் போனார்.

மறுநாள் மதியம் மரத்தடியில் படுத்திருந்த அப்துல் முத்தலிப் மற்றவர்களுக்கு முன்னதாகவே விழித்தார். ஸ்பின்னிங்கில் இருபது வருட சர்வீஸ். வீட்டில் மனைவி ஆமினா பீவி, “நான் இங்க மெத்தை போட்டு வெச்சிருக்கேன், இந்த மனுசன் வீதியில போயி உருள்றாரு” என்று தினமும் ஏசுவார். சன்னல் வழியாக, பழனியாத்தாள் சுவரில் தலையைச் சாய்த்து அழுவதை முத்தலிப் பார்த்தார்.

“ஏனுங்க அக்கா, உங்களுக்குப் பதிலி யாருங்க?”

ஒருவர் லீவு போட்டால் அவர் இடத்தில் நிற்கிறவர் பதிலி. தினமும் காலையில் மில் கேட்டில் பத்துப் பேராவது பதிலி வேலைக்குக் காத்து நிற்பார்கள். மாற்று ஆள் வராமல் யாரும் மிசினை விட்டு நகர மாட்டார்கள்.

“பதிலி மில்லுலதானுங்க பாய். ஊட்டு வேலைக்கு ஏதுங்க?”

“எத்தன நாளா ஒத்த ஆளா நிக்கிறீங்க?”

“ரண்டேகால் வருசமாச்சுங்க.”

கட்டிலிலிருந்து மருதாசலம் சொன்னார்: “லீவுமில்ல, போனசுமில்லீங்க பாய். அக்காவ மில்லுல சேத்தியிருந்தா இந்நேரம் யூனியன் தலைவி ஆயிருக்கும்.”

அப்போது திருப்பும் நேரம் வந்தது. முத்தலிப் யாரும் சொல்லாமலே உள்ளே போய், ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, புண் உரசாமல் மருதாசலத்தைத் திருப்பி, தலையணையைச் சரியான இடத்தில் வைத்தார். செய்து முடித்த பிறகுதான் தன் கைகளைப் பார்த்தார். பத்து மாதமாக அந்த மரத்தடியில் அவர் கண்ட கனவு இது ஒன்றுதான்: முகம் தெரியாத ஒருவரைத் திருப்பிக்கொண்டே இருப்பது. வெளியே போய் மற்றவர்களை எழுப்பிக் கேட்டார். பதினெட்டுப் பேருக்கும் அதே கனவு. வெட்கப்பட்டு யாரும் வெளியில் சொல்லியிருக்கவில்லை. கனவு யாருடையதோ தூக்கமும் அவருடையதுதான் என்பது அவர்களுக்கு விளங்கியது. ஒருவர் எழுந்து மரத்திலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தார்.

“அப்பொறம் அந்தம்மா தூங்கிட்டா நாங்க எங்க போயித் தூங்கறது?” என்று கேட்டார் அவர்களில் ஒருவரான பாலகோபால். “எங்க ஊட்டுக்குள்ள படுத்தா வெந்துபோட்டுத்தான் எந்திரிக்கோணும்.”

“தூங்க எடமில்லாதது நெசந்தான் பாலகோபாலு. அதுக்கு மேனேஜர்கிட்டப் போயிச் சண்ட போடலாம். அவுங்க தூக்கத்த நாம தின்னது போதும்” என்றார் முத்தலிப்.

பதினொரு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள், பாலகோபாலும் போனார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களில் பலர் ஓவர்டைம் பார்ப்பவர்கள். மிச்சமிருந்த எட்டுப் பேர் மில்லில் போலவே பகல், பாதி ராத்திரி வரை ஆப்நைட், விடியும் வரை புல்நைட் என்று முறை போட்டார்கள். ஆள் போதாத மூன்றாம் நாள் ஆமினா பீவி, “எங்க ஊட்டுக்காரரு தூங்கித் தீத்ததுக்கு நானும் ஒரு ஷிப்டு பாக்கறேன்” என்று சொல்லி வந்து உட்கார்ந்தார்.

ஆனால் பழனியாத்தாளுக்குத் தூக்கம் வரவில்லை. இருந்ததில் பாதியை வீதி தின்றிருந்தது, மீதி வீதியிலேயே கிடந்தது. புதிதாகச் சுரந்ததும் பழக்கத்தில் காது வழியே கசிந்தது. ஆறு நாள் ஓட்டைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தார். யாராவது தம்பி பக்கம் நடந்தால் எழுந்து உட்கார்ந்தார். “நானே பாத்துக்கறேனுங்க, உங்களுக்கெதுக்குச் சிரமம்” என்றார். ஏழாம் நாள் மருதாசலமே சத்தம் போட்டார்: “அக்கா, நீ எந்திரிச்சீன்னா நான் இனிமே கஞ்சி குடிக்க மாட்டேன் பாத்துக்க. பேசாமப் படு.”

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் காது மூடியது. குழாயடியிலிருந்து தூக்கம் பின்வாங்கி வருவதைப் பலர் பார்த்தார்கள்: எட்டாவது வீட்டு நாய் எழுந்து உதறியது, பிறகு ஏழாவது வீட்டுக் குழந்தை, பிறகு கோழிகள். வாசற்படியில் அது சற்று நேரம் நின்று, உள்ளே போனது.

தூங்கத் தொடங்கிய மூன்றாம் நாள் மதியம் பழனியாத்தாள் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“எந்தப் பக்கமா இருக்கான்?”

“எடப் பக்கமுங்க அம்மணி,” என்றார் ஆமினா பீவி. “புண்ணு ஓரமெல்லாம் செவந்து வருது, ஆறுற நல்ல செவப்புதானுங்க. நாலு மணிக்கு எங்க ஊட்டுக்காரரு வந்து வலப் பக்கம் திருப்பிருவாரு.”

“தலகாணி?”

“முட்டிக்கு நடுவுல இருக்குதுங்க.”

பழனியாத்தாள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மார்கழி பிறக்கும் வரை தூங்கினார். அந்த நாட்களில் வீதியில் போனவர்கள் ஐந்தாவது வீட்டருகே சைக்கிள் மணியை அடிப்பதில்லை.