புதன்கிழமை வான்கோழி

ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தவன் காலணியைக்கூடக் கழற்றாமல் ஓவனைப் போட்டேன். ஏழு மணிக்குச் சாப்பாடு மேசைக்கு வந்தாக வேண்டும். ஏழு ஐந்து ஆனால் போச்சு. "பசி போயிடுச்சுப்பா" என்று மகள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் அவள் தினமும் காத்திருக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பதினைந்து வயதுப் பெண். ஏழு மாதமாக அவளுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்து ஓயாமல் பேசுவாள் என்பதால் சிட்டு என்று கூப்பிட்டுப் பழகியிருந்தோம். இப்போது அவள் மணிக்கட்டைப் பார்த்தால் அந்தப் பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது. வியாழக்கிழமைதோறும் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அவளை எடை பார்க்கிறார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு மறுபடி போக வேண்டும். எடை இறங்கியிருந்தால் அங்கேயே வார்டில் சேர்த்துக்கொள்வார்கள். எத்தனை வாரத்துக்கு என்று கேட்டேன், "அது அவ கையிலதான் இருக்கு" என்றார்.

ஆனால் மூன்று வாரமாக எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. போன வியாழன் அதைக் கேட்டுவிட்டு, கார் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன். கண்ணில் தூசி என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கண்ணிலும் தூசிதான்.

நர்ஸ் மூன்று விதி போட்டிருந்தார். நேரத்துக்குச் சாப்பாடு. மேசையில் சாப்பாட்டைப் பற்றி ஒரு பேச்சும் கூடாது. மூன்றாவது, எதையும் மறைத்துக் கலந்துவிடக் கூடாது. "ஒரு தடவை கண்டுபிடிச்சிட்டாள்னா, அப்புறம் நீங்க குடுக்கற தண்ணியைக்கூட நம்ப மாட்டா" என்று விரலை ஆட்டிச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் நானும் மனைவியும் தலையாட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்து, "முன்னாடி ஒரு வான்கோழி பண்ணுவீங்களே, அதைப் பண்றீங்களா?" என்று கேட்டாள். ஏழு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் சாப்பாட்டுப் பெயர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அது பெரிய வித்தையெல்லாம் இல்லை. எலும்பில்லாத நெஞ்சுக்கறி ஒரு துண்டு. உப்பு, மிளகு, பூண்டு தடவி, சுற்றிலும் கேரட்டும் வெங்காயமும் போட்டு உள்ளே தள்ளினால் ஒரு மணி நேரத்தில் அதுவே வெந்துகொள்ளும். இறங்குகிற சாற்றில் கொஞ்சம் மாவு கரைத்துக் கொதிக்கவிட்டால் கிரேவி. பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. வேலை முடிந்து வருகிற எவனும் செய்யலாம். எனக்குத் தெரிந்த ஒரே சமையலும் அதுதான்.

ஆறே முக்காலுக்குக் கறியைக் கத்தியால் குத்திப் பார்த்தேன். சாறு இன்னும் சிவப்பாகத்தான் வந்தது. கறியை இரண்டாகப் பிளந்து திரும்ப உள்ளே தள்ளி, சூட்டை ஏற்றி, ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குந்திக்கொண்டு அதை முறைத்தேன். முறைத்தால் வெந்துவிடுமா என்ன?

காத்திருந்த நேரத்தில்தான் புத்தி கெட்டது. மசித்த கிழங்கு வெறும் உப்பும் பாலுமாகச் சட்டியில் இருந்தது. நாளை எடை. ஒரு சின்ன உதவிதானே. எட்டிப் பார்த்தேன், அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெண்ணெய்க் கட்டியில் பாதியை வெட்டிப் போட்டு, திருடன்போல் சத்தமில்லாமல் கிண்டி மூடினேன்.

மனைவி மருந்துக் கடையிலிருந்து வந்தபோது மணி ஆறு ஐம்பத்திரண்டு. கோட்டோடு சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"இன்னும் ஆகலையா?"

"ஆயிடும். நீ வேற படுத்தாத."

"நான் எங்க படுத்தறேன்? போய் முகத்தைக் கழுவுங்க. இந்த மூஞ்சியைப் பாத்தா யாருக்கும் சாப்பிடத் தோணாது."

கழுவிவிட்டு வந்தேன். கறி நன்றாக வெந்திருந்தது. உயிர் வந்தது. மெல்லிசாக வெட்டி, கிரேவியை ஊற்றி, ஏழடிக்க அரை நிமிடம் இருக்கும்போது மேசையில் வைத்தேன். மகள் வந்து உட்கார்ந்தாள். ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்து விட்டிருந்தாள். தனக்குத் தானே பரிமாறிக்கொண்டாள்: கறி இரண்டு துண்டு, கேரட், கிழங்கு ஒரு கரண்டி. நான் மூச்சுகூட விடவில்லை.

அவள் முள்கரண்டியால் கிழங்கை அழுத்தினாள். பள்ளத்தில் மஞ்சளாக நெய் ஊறி நின்றது. மறுபடி அழுத்தினாள். இன்னும் ஊறியது. எனக்கே திக்கென்றது. நான் போட்டது இவ்வளவு இல்லையே!

"இதுல யாரு வெண்ணெய் போட்டது?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கறிச் சாறுதான் ஓடியிருக்கும் என்று ஒரு பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றது.

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றாள் மனைவி, அதே நொடியில்.

ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தோம்.

"நீயுமா?"

"நீங்களுமா?"

"எவ்வளவு?" என்றாள் மகள்.

"பாதிக் கட்டி" என்றேன்.

"ஃபிரிட்ஜுல மீதிப் பாதி இருந்துச்சு..." மனைவி முடிக்கவில்லை.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஒரு லிஃப்ட் வேலையில் இரண்டு பேர் இறங்கினால், செய்யப்போவதை ஒருவன் உரக்கச் சொல்லி, மற்றவன் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஸ்விட்சில் கை வைக்க வேண்டும். சொல்லாமல் கை வைத்த ஒருத்தனை நான் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். இப்போது என்னை எங்கே அனுப்புவது?

"முழுக் கட்டி" என்றாள் மகள். "மூணு பேருக்கு."

அவள் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று எழப்போனேன். சிரிப்பு. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்."

மனைவி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"மூணு வாரமா ஏறிச்சே, அது பொய். மிஷினை ஏமாத்திட்டேன். எப்படின்னு கேக்காதீங்க. ஏறவேயில்ல, இறங்கியிருக்கு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். மூன்று வாரம்! நான் கார் நிறுத்தும் இடத்தில் நின்று அழுத அழுகை! மேசையை ஓங்கிக் குத்தலாம்போல் கை பரபரத்தது. அடுத்த நொடி கோபம் போன இடம் தெரியவில்லை, பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவி அவள் கையைப் பிடித்திருந்தாள். மகள் இழுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு ஏமாத்தப் போறதில்ல" என்றாள். "அப்ப வார்டுதானே?"

இல்லை என்று சொல்லத்தான் நாலு வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது.

"ஆமாம்மா" என்றேன். "வார்டுதான்."

"தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்." ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கே பயமா இருக்குப்பா. படியேறினா கண்ணை இருட்டுது."

அவள் கிழங்கைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். "இது என்னால முடியாது." பிறகு கறியில் ஒரு சின்னத் துண்டை வெட்டினாள். கிரேவியில் புரட்டினாள். வாயில் போட்டாள். நானும் மனைவியும் எங்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. விழுங்க அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் வாயில் போட்டது எனக்கும் இறங்கவில்லை.

முதல் துண்டுக்கு இருபது நிமிடம். இரண்டாவதற்கு அதைவிட அதிகம். எதிலும் சூடு இல்லை, யாரும் எழுந்திருக்கவில்லை. நடுவில் மனைவி, பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள். கம்பளிக் காலுறை, தலையணை, சார்ஜர் என்று மகள் மென்றுகொண்டே சொன்னாள்.

"தினமும் வருவீங்களா?"

"தினமும்."

"வந்து சாப்பிடு சாப்பிடுன்னு உயிரை வாங்கக் கூடாது."

"மாட்டேன்."

"எதையாவது ஒளிச்சு எடுத்துட்டு வரக் கூடாது."

"சத்தியமா மாட்டேன்."

என் முகத்தையே பார்த்தாள், நம்பலாமா கூடாதா என்று. நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொரு துண்டு போடுங்க. சின்னதா."

கத்தியை எடுத்தேன். சின்னதாகத்தான் வெட்டினேன்.