கையெழுத்து சேராத செய்தி

சூளை உச்ச வெப்பத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது சண்முகப்ரியாவின் லேப்டாப்பில் அந்தச் செய்தி வந்தது. "ஆர்டர் ரத்து. சூளையை உடனே அணைக்கவும்." அனுப்பியவர் என்ற இடத்தில் டீக் கப்புகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்த கோயம்புத்தூர் ஓட்டல் நிறுவனத்தின் பெயர் இருந்தது.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அவளுடைய அக்கா பூங்கோதை நடத்தும் பட்டறை அது. இதுவரை மின்கம்பத்துக்கான பீங்கான்களையே சுட்டு வந்த பூங்கோதை, இப்போதுதான் முதல்முறையாக டீக் கப்பில் இறங்கியிருந்தாள். சாம்பிள்கள் திரும்பித் திரும்பி வந்து, கடைசியாக அனுப்பிய வெள்ளை நிறம்தான் ஓட்டல்காரர்களுக்குப் பிடித்தது. அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார்கள். ஆர்டர் பேச்செல்லாம் இரு தரப்பு ஏஐ ஏஜெண்டுகளே, அதாவது தானாக வேலை பார்க்கும் மென்பொருள்களே, பேசிக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கும் ப்ரியாவுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. சூளையின் சூட்டையும் கேஸையும் கவனிக்கவும் ஓட்டல் ஏஜெண்டோடு பேசவும் ஓர் ஏஜெண்டை அவளே அமைத்தாள். அங்கிருந்தும் இங்கிருந்தும் செய்திகள், படிவத்தைப் போலக் கட்டங்கள் நிரப்பப்பட்டுப் போய்வந்தன: யார், யாருக்கு, எந்த ஆர்டர், என்ன செய்ய வேண்டும். அடியில், அனுப்புகிறவரைத் தவிர வேறெவராலும் போட முடியாத டிஜிட்டல் கையெழுத்து.

"ரெண்டு மிஷினு பேசிக்கும், நாம வேடிக்க பாக்கணுமா?" என்று அன்று சிரித்த பூங்கோதை இப்போது சிரிக்கவில்லை. உச்ச சூட்டை எட்டும் முன்பே அணைத்தால் உள்ளே இருக்கும் அத்தனை கப்பும் வீண். ஆர்டரே இல்லையென்றால் எரிகிற ஒவ்வொரு நிமிடமும் வீண். அவள் கை கேஸ் வால்வைப் பிடித்துவிட்டது.

"அக்கா, தொடாத!"

"என்னாடி தொடாத? அவங்களே வேணாங்கிறாங்க!"

"நம்ம ஏஜெண்டு இன்னும் அணைக்கல, பாரு. ஏன்னு பாரு."

செய்திக்குக் கீழே வரிகள் விழுந்துகொண்டிருந்தன. 'கையெழுத்து பொருந்தவில்லை. செய்தி ஏற்கப்படவில்லை. கோயம்புத்தூர் ஏஜெண்டிடம் உறுதி கேட்டிருக்கிறேன்.' அதற்குக் கீழே எதுவும் வரவில்லை. சூளை மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பூங்கோதை திரையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். பிறகு வால்விலிருந்து கையை எடுத்து, புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எரியட்டும். நீ போனப் போடு."

ஓட்டலின் கொள்முதல் மேலாளர் பத்ரிநாராயணன் உடனே எடுத்தார். ப்ரியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரத்தா? நாங்களா? லாரிக்கே சொல்லியாச்சுங்க!" என்றார் அவர். "எங்க பேர்ல வேற எவனோ அனுப்பியிருக்கான். நீங்க அணைச்சிட்டீங்களா?"

"இல்லீங்க சார்," என்றாள் பூங்கோதை. குரல் உடைந்து, உடனே உரத்தது. "எரியுது சார்! நல்லாவே எரியுது!"

"அந்தச் செய்திய அப்படியே எங்களுக்கு அனுப்புங்கம்மா. மத்த சப்ளையர் எல்லாரையும் உஷார் பண்ணணும்."

அவர் பேசி முடிப்பதற்குள் திரையில் கோயம்புத்தூர் ஏஜெண்டின் பதில் பச்சை வரியாக ஓடியது. 'ஆர்டர் தொடர்கிறது.' இந்த முறை கையெழுத்து அச்சு அசலாகப் பொருந்தியிருந்தது. ப்ரியா கத்திய கத்தலில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பூங்கோதை அவளை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இருவர் மேலும் வெள்ளைக் களிமண் தூள்.

"அடியே, நம்ம ஏஜெண்டுக்கு நன்றி சொல்லணும்னா எந்தக் கட்டத்துல எழுதணும்?"

ப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள். பூங்கோதை அதற்குள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சூளையின் பார்வைத் துளையில் குனிந்திருந்தாள். உள்ளே ஆரஞ்சு வெளிச்சத்தில் வரிசை வரிசையாகக் கப்புகள். அவற்றின் நடுவே, சூடு போதுமானதும் வளைந்து காட்டுவதற்காக நிறுத்தி வைத்த விரலளவு மண்கூம்பு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல நுனி வளையத் தொடங்கியது.