நோவில்லாத முகம்

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பழனியாண்டியின் படம் ஒன்று வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தவை இரண்டே படங்கள். ஒன்று அடையாள அட்டையில் இருந்தது. அதில் அவர் கன்னம் ஒட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு யாரையோ முறைத்தார். மற்றது ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதில் முகம் பூசணிக்காய்போல உருண்டிருந்தது. வாய் நிறையச் சிரிப்பு. இதைத்தான் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்றாள் அவர் மனைவி வீரம்மா. அவருடைய தம்பி அழகர் ஒத்துக்கொள்ளவில்லை.

"இது அண்ணனே இல்ல மதினி. யாரோ மொதலாளி மாதிரி இருக்கு. வர்ற சனம் இது யாருன்னு கேக்கும்."

அழகரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படம் எடுத்த வருஷம் அவன் கொழும்பில் ஒரு கடையில் நின்றான். அந்த முகத்தை அவன் நேரில் கண்டதேயில்லை.

அது எழுபத்தொன்பது. பழனியாண்டி கண்டியில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்கும் நாட்டாமையாக இருந்தார். மழை நாளொன்றில் அரிசி மூட்டையோடு லொறியிலிருந்து இறங்கும்போது பலகை வழுக்கி, இடுப்பு தரையில் அடிக்க விழுந்தார். முதுகெலும்பில் நரம்பு நசுங்கிவிட்டது. காயம் ஆறிய பிறகுதான் உண்மையான நோவு தொடங்கியது. இடுப்பில் பட்ட அடி இடது காலில் நெருப்பாக எரிந்தது.

ஊரில் ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். அழுத்தித் தேய்த்தால் நரம்பு விட்டுக்கொடுக்கும் என்றார்கள். வீரம்மாவும் உள்ளங்கை சிவக்கத் தேய்த்தாள். அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஒரு நாள் தன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எண்ணெய் வேணாம் புள்ள. உன் கை பட்டாலே எரியுது."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவரைத் தொடவே அவளுக்குப் பயம். போர்வை படக்கூடாது, இடுப்பில் கட்டிய சாரம் படக்கூடாது. அவர்கள் குடியிருந்த அம்பிட்டிய மேட்டில் எப்போதும் குளிர்காற்று, அதுகூட ஆகவில்லை. சாரத்தைத் தொடைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பார். அடுத்த வீட்டுப் பாலம்மா சும்மா இருப்பாளா?

"என்னண்ணே, யாரு கூடச் சண்டைக்குக் கெளம்பிட்டீங்க?"

"காத்து கூடத்தான்," என்பார்.

பெரியாஸ்பத்திரி டொக்டர் சிங்களத்தில் விளக்கியதில் வீரம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. நரம்பைச் சுற்றி வீக்கம் இருக்கிறது, அது வற்றினால்தான் எரிவு அடங்கும். வீக்கத்தை அடக்கச் சின்ன வெள்ளைக் குளிசை கொடுத்தார். சாப்பிட்ட பிறகு போட வேண்டும், சடாரென்று நிறுத்தக்கூடாது, திரும்ப வந்தால் நானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன் என்றார்.

சில நாள் கழித்து ஒரு மாலை, மழைச் சாரல் வாசலுக்குள் அடித்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவரின் சாரம் கணுக்கால் வரை இறங்கியிருந்ததை வீரம்மா பார்த்தாள். அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. அவள் சொன்னதும் குனிந்து பார்த்தார். பிறகு காலை நீட்டி, அமுக்கிவிடச் சொன்னார். சூடான சட்டியைத் தொடுவதுபோல ஒரு விரலை வைத்தாள். அவர் காலை இழுக்கவில்லை. முழுக் கையையும் வைத்தாள்.

அந்த மாதங்களை நினைத்தால் அவளுக்கு இப்போதும் ரொட்டி வாசனைதான் வரும். அப்படிப் பசித்தது அவருக்கு. கட்டச்சம்பலோடு ரொட்டியை அடுக்கடுக்காகச் சாப்பிட்டார். முகம் உருண்டது. கலஹாவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, டவுன் சோறு ஆளைத் தேற்றிவிட்டது என்று சொந்தக்காரர்கள் வீரம்மாவைத்தான் மெச்சினார்கள். அவளுக்கும் பெருமையாக இருந்தது. ஆள் தேறிவிட்ட பிறகு ஆஸ்பத்திரி வரிசையில் யார் போய் நிற்பது? குளிசை முடிய முடிய அவரே மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஓயாத தாகம் வந்தது. படி ஏறினால் தொடை நடுங்கியது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்ட அந்த முகத்தைப் பார்த்து டொக்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை. இது சதையில்லை, குளிசை செய்த வேலை என்றார். இரத்தத்தில் சீனி ஏறியிருந்தது. இப்படியே போட்டால் எலும்பும் பலமிழக்கும். இனிப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியே ஆக வேண்டும். எரிவு திரும்பி வருமா என்று பழனியாண்டி கேட்டார். வரலாம், நரம்புக்கு வேறு மருந்து தருகிறேன், முழுதாகப் போகும் என்று சொல்லமாட்டேன் என்றார் டொக்டர்.

பஸ் நிலையத்தில் அம்பிட்டிய பஸ் நின்றது. அவர் ஏறவில்லை.

"வா, ஒரு படம் எடுத்துக்குவோம்."

இந்த நேரத்தில் படம் ஒரு கேடா என்று அவள் எரிந்து விழுந்தாள்.

"இந்த மூஞ்சி இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் புள்ள. நோவு இல்லாதப்ப நான் எப்படி இருந்தேன்னு காட்ட ஒண்ணு வேணும்ல."

சிரிக்காமல் நேராகப் பார்க்கச் சொன்னார் படமெடுப்பவர். பழனியாண்டி கேட்கவில்லை.

குளிசை குறையக் குறைய எரிவு திரும்பி வந்தது. பழைய அளவுக்கு இல்லை. சாரமும் முழங்கால் வரைதான் ஏறியது. முகம் வற்றி, பல்லைக் கடிக்கும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அதே கடையின் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து லொறிகளைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் காலோடுதான் வாழ்ந்தார். எல்லோருக்கும் அவரைத் தெரிந்தது அந்த முகத்தால்தான்.

வீரம்மா இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, விட்டு விட்டுச் சொன்னாள்.

"நோவு இருந்த மூஞ்சிய ஊரெல்லாம் பார்த்துச்சு தம்பி. இது அவரே எடுக்கச் சொன்ன படம்."

அழகர் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தான். வெகுநேரம் பார்த்தான்.

"மதினி, இந்தச் சட்டை என்னோடது. இதக் காணோம்னு எவ்வளவு தேடுனேன்."

"அப்ப ஊதியிருந்த ஒடம்புக்கு அவரு சட்டை ஒண்ணும் பொத்தான் பூட்டல. நீங்க விட்டுட்டுப் போனதுதான் பூட்டுச்சு."

அழகர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அடையாள அட்டையை அலுமாரிக்குள் வைத்தான். எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று கேட்டான். வீரம்மா இரண்டு கையையும் அகலமாக விரித்துக் காட்டினாள்.