வேருக்கு இறங்காத சர்க்கரை

1
இந்தக் கதை ஒரு ஆரஞ்சுப் பழத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. எரிந்துபோன மோட்டாரை, அதற்குக் கம்பிச் சுருள் (காயில்) சுற்றித் தருபவரிடம் கொண்டுபோயிருந்தேன். அவர் மேசையில் பழம் இருந்தது. ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். அப்புறம் நடந்ததைச் சொன்னார்.

'பொறாமை பிடித்த மனிதர் ஒருவர்...' என்று எழுதத் தொடங்கி, அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் பொறாமைக்காரர் அல்ல. மயிரிழைக் கம்பியைக் கண்ணருகே பிடித்துச் சுற்றும் தொழில். பார்வை மங்கிக்கொண்டு வந்தது. பட்டறை ஜன்னலை மறைத்து நின்றது பக்கத்து வீட்டு அண்ணியின் ஆரஞ்சு மரம். கிளையைக் கழிக்கச் சொன்னார். ஓர் இலையைக்கூடத் தொடக்கூடாது என்றார் அண்ணி. பேச்சு தடித்து, முகம் கொடுத்துப் பேசுவதே நின்றுபோனது.

2
அண்ணி ஊருக்குப் போன ஒரு நாள், அடிமரத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்தெடுத்து, சருகைக் குவித்து மூடினார். ஒரு வாரத்தில் காய்ந்துவிடும் என்று நினைத்தார்.

(இங்கே அவரைத் திட்டி ஒரு பத்தி இருந்தது. அவரே தன்னை அதைவிட நன்றாகத் திட்டிக்கொண்டதால் எடுத்துவிட்டேன்.)

மரம் வாடவில்லை. இரண்டு மாதம் கழித்து அண்ணியே கூடையோடு வந்தார்.

"இந்த மாதிரி ஒரு வருஷமும் தித்திச்சதில்ல தம்பி. உங்களுக்குக் குடுக்காம எனக்குத் தொண்டையில எறங்கல."

கூடையை வாங்கியவர் ஒரு சுளையை வாயில் போட்டார். தேன். பட்டை உரித்த மரம் எப்படித் தித்திக்கும் என்று புரியாமல், அண்ணி போன கையோடு நாற்றுப்பண்ணைக்கு ஓடினார்.

3
பண்ணைக்கார அம்மா நடந்ததைக் கேட்டுவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்:

"தண்ணி உள்கட்டை வழியா மேல ஏறும். அதான் இலை வாடல. இலை செய்யற சர்க்கரை பட்டை வழியாத்தான் கீழ எறங்கணும். அந்த வழிய நீங்க அறுத்துட்டீங்க. வேரோட சாப்பாடு பழத்துல தங்கிடுச்சு. வேர் பட்டினி கெடக்குது."

ஒரு வழிதான் உண்டாம். அதே மரத்தின் குச்சிகளை வெட்டி, காயத்துக்கு மேலும் கீழும் பட்டைக்குள் செருகிப் பாலம் கட்டுவது. அதற்கு அண்ணியிடம் சொல்லியாக வேண்டும்.

சொன்னார். அண்ணி சருகைத் தள்ளிவிட்டுக் காயத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"வெளிச்சத்துக்காகவா தம்பி, இவ்வளவும்?"

அண்ணி அரிவாளோடு ஏறிக் குச்சிகளை வெட்டிப் போட்டார். ஜன்னல் பக்கத்துக் கிளைகளிலிருந்து. கீழே அவர் மண்டியிட்டு ஆறு குச்சிகளைச் செருகிக் கட்டினார்.

4
பாலம் பிடித்துத் துளிர் விட்டதாக ஒரு முடிவு எழுதினேன். இனித்தது, கிழித்தேன். மரம் சாய்ந்ததாக இன்னொன்று. அதில் அவரைத் தண்டிக்கும் ஆசை என்னுடையது, அண்ணியுடையதல்ல.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. நான் போன அன்று மூன்று குச்சி பச்சையாக இருந்தது, மூன்று கறுத்திருந்தது. அண்ணி மன்னித்தாரா என்று கேட்டேன்.

"நான் கேக்கல," என்றார். "மொதல்ல வேர் சாப்பிடட்டும்."

இதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை. உங்களுக்கு இருந்தால், எழுதிக்கொள்ளுங்கள்.