குறிப்பேட்டில் பதினான்கு பொய்

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த நாளில்கூட எலக்ட்ரீஷியன் யாரிடமும் மறைக்கவில்லை. புது மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகுதான் பொய் சொல்ல ஆரம்பித்தார். தினமும் வீட்டில் நிரப்பச் சொல்லி ஒரு குறிப்பேடு கொடுத்திருந்தார்கள். ‘விரல்கள் மரத்துப்போகின்றனவா?’ என்ற கட்டத்தில் மூன்று வாரமும் ‘இல்லை’ என்றே எழுதினார். முதல் வாரம் அது உண்மை. அதற்குப் பிறகு விரல்கள் கட்டையாய்க் கிடந்தன. சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து கழற்றிவிடுவார்கள் என்று பயம். கட்டி கொஞ்சம் சுருங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததும் அந்தப் பயம் இரட்டிப்பானது.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? மூன்றாவது வார முடிவில் ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிந்து எழுந்தவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டினார். மனைவி எழுந்து போட்டுவிட்டதை ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் பார்த்துவிட்டாள்.

“தினமும் நீங்கதான் போட்டுவிடுறீங்களாம்மா?”

“பத்து நாளா நான்தான் சிஸ்டர். வாயத் திறக்கக் கூடாதாம். கல்லுளிமங்கன்!”

எலக்ட்ரீஷியன் கையெடுத்துக் கும்பிட்டார். “என்னை வெளிய அனுப்பிடாதீங்க சிஸ்டர்.”

“இதுக்குப் போய் யாரு சார் அனுப்பறாங்க? டாக்டர் மருந்தைக் குறைப்பார், அவ்வளவுதான்.” தடித்த விதிமுறைப் புத்தகத்தைப் பிரித்து ஒரு வரியைக் காட்டினாள். மரத்துப்போனால் எந்த மருந்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அச்சாகியிருந்தது.

“எனக்கு இப்படி ஆகும்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முன்னாடி நடந்த ஆராய்ச்சிகள்ல இருந்தவங்க எழுதி வச்சது. இதே மாதிரி நோட்டுலதான்.”

“அவங்கல்லாம் இப்ப?”

நர்ஸ் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தாள். “நிறைய பேர் இல்ல சார்.”

அவர் அந்த வரியை மறுபடி பார்த்தார். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர், வாந்திக்கும் வலிக்கும் நடுவே பேனாவைப் பிடித்து உண்மையை எழுதியிருக்கிறார்கள். தங்களுக்கு உதவுமா என்றுகூடத் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள். அது இன்று இவர் கையைக் காப்பாற்ற வந்திருக்கிறது. முப்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவர், இவ்வளவு பெரிய மனசை எங்கேயும் பார்த்ததில்லை.

குறிப்பேட்டை வாங்கினார். எதையும் அழிக்கக் கூடாதாம்; குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி. பதினான்கு ‘இல்லை’களையும் அப்படியே அடித்தார். பேனா நழுவியது. மனைவி வாங்க வந்தாள், கொடுக்கவில்லை.

“‘மரத்திருக்கு’ன்னு போட்டாப் போதும் சார்.”

“எந்த விரல், எப்போலேருந்து, எதுவரைக்கும்னு வேண்டாமா சிஸ்டர்? எனக்கப்புறம் இந்த நாற்காலியில உட்கார வர்றவங்களுக்குக் குத்துமதிப்பாவா சொல்லிட்டுப் போறது?”

கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தார்.