கூலிக்கு வந்த அண்ணன்

ஆம்பளை இல்லாத குடும்பத்துக்குத் திண்டிவனத்தில் வாடகை வீடு தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். அட்வான்ஸ் பேசும்வரை பல்லைக் காட்டுவார்கள். "வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்டதும் முகம் மாறிவிடும். என் வீட்டுக்காரன் விழுப்புரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்பதை நான் எத்தனை வாசலில் சொல்வது?

கூடப்பிறந்த அண்ணன் பாக்கியசாமி ஒலக்கூரில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். "தங்கச்சிக்கு நான் பொறுப்புன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லுண்ணா" என்று கெஞ்சினேன். அண்ணிக்குப் பயந்து என் போனை எடுப்பதையே விட்டுவிட்டான், மகராசன்.

புரோக்கர் விருத்தாசலம்தான் வழி சொன்னார். "இதுல என்னம்மா பேஜாரு? நம்மகிட்ட ஆளு இருக்காரு. சர்க்கார் ஆபீஸ்ல ரிடையரானவரு, உங்க மாதா கோயில்காரருதான். கூலி குடுத்தா அண்ணன்னு வந்து நிப்பாரு."

அப்படி வந்தவர் சவுரிராயன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. வீட்டுச் சொந்தக்காரி வீரம்மாளிடம், "என் தங்கச்சி செபஸ்தியம்மாளுக்கு நான் பொறுப்பு. எதுன்னாலும் எனக்குப் போன் போடுங்க" என்றார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "வாய அடக்கிக்கினு இரு" என்று ஓர் அதட்டல் வேறு. கூலிக்கு வந்த மனுஷனுக்கு வாயைப் பாருங்கள்! ஆனால் வீடு கிடைத்தது. மகள் பிரின்சிக்குப் பத்தாவது. பரீட்சை முடியும்வரை இந்தக் கூரை தலைக்கு மேல் இருந்தால் போதும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் வீரம்மாள் மூச்சிரைக்க வந்தாள்.

"அடிப்பாவி, உங்கண்ணன் செத்துட்டாரு, நீ மாவு கரைச்சிக்கினு நிக்கிற! பஸ் ஸ்டாண்டெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்குது. ஒருத்தரும் சொல்லலியா உனக்கு?"

செத்தது கூலிக்கு வந்த சவுரிராயன் என்று அப்புறம்தான் புரிந்தது. வீரம்மாளே மாலை வாங்கி, என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, கூடவே வந்தாள். அந்த ஆள் பெண்டாட்டி "நீ யாரும்மா?" என்று கேட்டால் தீர்ந்தது கதை. பொழுது சாய்வதற்குள் என் தட்டுமுட்டுச் சாமான் தெருவில் கிடக்கும்.

ஆனால் எழவு வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. உள்ளே வருகிற பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் வழக்கம். சவுரிராயன் சம்சாரமும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பாத்தியாம்மா, என்ன உட்டுட்டுப் போயிட்டாரே!" என்று கதறினாள்.

அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் என்ன வந்ததோ, "அண்ணா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். நிறுத்த முடியவில்லை. பெட்டிக்குள் கிடந்தவருக்காக இல்லை. ஒலக்கூரில் உயிரோடு உட்கார்ந்துகொண்டு போனை எடுக்காத அந்தப் பாவிக்காக அழுதேன். அவன் செத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. வீரம்மாள்தான் என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்க வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். காபியும் அவளே கலக்கிக் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"தப்பா நினைக்காத செபஸ்தி. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்க."

"புள்ளைக்குப் பரீட்சை இருக்குதுங்க. வேற ஆளைப் பொறுப்புக்கு இட்டாரட்டுமா?"

"யார இட்டாருவ? இன்னிக்கு அழுத பாரு, அப்பவே தெரிஞ்சிபோச்சு, அந்த மனுஷன உட்டா உனக்கு நாதியில்லன்னு. பொம்பளப் புள்ளைய வெச்சிக்கினு இருக்கிற. நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாரக் கூப்பிடுவேன், சொல்லு?" சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது.

அவர் எனக்கு யாருமே இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இன்றைக்கே வெளியே போகணும், சொல்லாவிட்டால் மாசக் கடைசியில்.

"சரிங்க" என்றேன்.